சொல்லொப்புமையிலிருந்து நோயொப்புமைக்கு: புறத்தோற்றப் பண்புகளின் பொருண்மை நெருக்கத்தைத் தகவற்செறிவால் அளத்தல்

முன்னுரை

கோலாலம்பூரின் செராஸ் வட்டாரத்தில், பண்டார் துன் ரசாக்கில், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் போதனா மருத்துவமனை அமைந்துள்ளது. 1997ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கிய அம்மருத்துவமனை இன்று துவாங்கு முஹ்ரிஸ் வேந்தர் மருத்துவமனை என வழங்கப்படுகிறது. அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவ மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்கழகமும் செராஸிலேயே 2003 முதல் இயங்கி வருகிறது. இத்தகைய மருத்துவமனை ஒன்றிற்குத் தமிழ்த்தாய் ஒருத்தி தன் மகனை அழைத்து வருகிறாள் எனக் கொள்வோம். சிறுவன் வயதுக்கு மீறிய உயரமும் மெலிந்து நீண்ட விரல்களும் உடையவன், பார்வை தெளிவில்லை, பாடத்தில் பின்தங்கியிருக்கிறான். இவற்றைத் தாய் தமிழில் கூறுகிறாள். தாதியர் மலாயில் கேட்டறிகின்றனர். மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். எழுதப்பட்ட அப்பண்புகள் ஆயிரக்கணக்கான அரிய நோய்களுள் எதனோடு மிக நெருங்கி நிற்கின்றன என்பதைக் கணினியைக் கொண்டு கண்டறிய இன்று வழியுண்டு.

அவ்வழியின் அடித்தளம் மருத்துவத்தில் தோன்றியதன்று, சொற்பொருளாய்வில் தோன்றியதாகும். இரு சொற்கள் பொருளால் எவ்வளவு நெருங்கியவை என்னும் வினாவுக்குக் கணினிமொழியியலார் கண்ட விடையே பின்னர் நோயறிதலுக்கும் கருவியாயிற்று. இவ்வளவை முறை எவ்வாறு இயங்குகிறது என்பதையும், மொழியைத் தொழிலாகக் கொண்ட நம்மனோர் அதில் அக்கறை கொள்ள வேண்டியது ஏன் என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

புறத்தோற்றப் பண்பும் அதன் படிவரிசையும்

மலேசிய இடைநிலைப்பள்ளி உயிரியல் பாடத்தில் 'ஃபெனோதிப்' எனப்படுவதையே நாம் ஈண்டுப் புறத்தோற்றப் பண்பு என்கிறோம். மரபணுவில் உள்ளது மரபுவகை. அது உடலில் வெளிப்பட்டுக் காணவும் அளக்கவும் கூடியதாய் அமைவது புறத்தோற்றம். கண்ணின் நிறமும் உயரமும் மட்டுமல்லாமல், வலிப்பு வருவது, குருதியில் சர்க்கரை மிகுவது, பேச்சு தாமதமாவது ஆகியனவும் இதனுள் அடங்கும்.

இப்பண்புகளை ஒழுங்குபடுத்தும் முயற்சியாக 2008ஆம் ஆண்டில் பெர்லின் நகரின் ஷாரிட்டே மருத்துவமனையில் பீட்டர் ராபின்சன் குழுவினர் 'ஹியூமன் ஃபீனோடைப் ஆன்டாலஜி' என்னும் தொகுப்பை உருவாக்கினர். இதனை நாம் 'பண்புக் களஞ்சியம்' எனக் குறிப்பிடுவோம். இன்று அதில் 15,000க்கும் மேற்பட்ட பண்புப் பெயர்கள் உள்ளன. அகராதியைப் போல அகரவரிசையில் அவை அமையவில்லை. பொதுவிலிருந்து சிறப்புக்கு இறங்கும் படிவரிசையில் அமைந்துள்ளன. உச்சியில் 'உடற்பண்பு மாறுபாடு' என்னும் வேர் நிற்கிறது. அதன்கீழ் 'கண் மாறுபாடு', அதன்கீழ் 'கண்வில்லை மாறுபாடு', அதன்கீழ் 'கண்வில்லை இடம்பெயர்தல்', 'கண்புரை' என அது கிளைத்துச் செல்கிறது. இடையில் வேறு படிகளும் உள. விளக்கத்தின் பொருட்டுச் சுருக்கியுள்ளோம்.

தமிழ் மரபுக்கு இவ்வமைப்பு புதிதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் படிப்படியாக வகுத்தது. நிகண்டுகளுள் பழமையான திவாகரம் சொற்களைத் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் என்றவாறு பொருள்வழியே 12 தொகுதிகளாக்கியது. நம் காலத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வழி வெளிவந்த பேராசிரியர் இராசேந்திரனின் 'தற்காலத் தமிழ்ச் சொற்களஞ்சியம்' (2001) அம்மரபைப் பொருண்மையியல் நோக்கில் தொடர்ந்தது. இத்தொகுப்புகளுக்கும் பண்புக் களஞ்சியத்திற்கும் இடையே குறிக்கத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. களஞ்சியத்தில் ஒரு பண்பு ஒன்றுக்கு மேற்பட்ட தாய்களைக் கொண்டிருக்கலாம். மெலிந்து நீண்ட 'சிலந்தி விரல்', 'நீண்ட விரல்' என்பதன் கீழும் வரும்; 'மெலிந்த விரல்' என்பதன் கீழும் வரும்.

இப்படிவரிசைக்கு இன்றியமையாத விதி ஒன்று உள்ளது. ஒரு நோய்க்குக் கீழ்ப்படியிலுள்ள பண்பு உரியதெனின், அதன் மேலுள்ள எல்லாப் பண்புகளும் அந்நோய்க்கு உரியனவே. கண்வில்லை இடம்பெயர்ந்தவருக்குக் கண் மாறுபாடு உண்டு என்பதைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை. இவ்விதியால் மேலே செல்லச் செல்ல ஒரு பண்பிற்குரிய நோய்களின் எண்ணிக்கை பெருகுமேயன்றிக் குறையாது.

அரியது மிகுதியாகச் சொல்லும்

இரண்டு பண்புகளின் நெருக்கத்தை எவ்வாறு அளப்பது? படிவரிசையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என எண்ணுவதே முதலில் தோன்றும் வழி. ஆயின் எல்லாப் படிகளும் ஒரே உயரமுடையன அல்ல. ஒரு துறையை நுணுகி ஆராய்ந்தோர் அங்கே பல படிகளை அமைத்திருப்பர். மற்றொரு துறையில் ஒரே படியில் நெடுந்தூரம் இறங்கியிருப்பர். எனவே படிகளை எண்ணுவது வகைப்படுத்தியவரின் பழக்கத்தை அளப்பதாகிவிடுகிறது.

இதற்கு மாற்று கண்டவர் அமெரிக்கக் கணினிமொழியியலாளர் ஃபிலிப் ரெஸ்னிக். அவர் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, 1948இல் கிளாட் ஷானன் வகுத்த தகவற்கோட்பாட்டைப் பயன்கொண்டது. அக்கோட்பாட்டின் சாரம் எளியது. அடிக்கடி நிகழ்வது நிகழ்ந்ததாகச் செய்தி வந்தால் அதனால் நாம் அறிவது சிறிது. அரிதாக நிகழ்வது நிகழ்ந்ததாகச் செய்தி வந்தால் அறிவது பெரிது. கோலாலம்பூரில் மாலையில் மழை பெய்தது என்பது யாரையும் வியப்பிலாழ்த்தாது. ஆலங்கட்டி மழை பெய்தது என்பது பேசப்படும்.

இதனைக் கணிதமாக்கினால், ஒரு கருத்தின் தகவற்செறிவு என்பது அதன் நிகழ்தகவின் மடக்கைக்கு எதிர்மறைக் குறியிட்ட மதிப்பாகும். இரண்டை அடிமானமாகக் கொண்டால், நிகழ்தகவு பாதியாகும்போதெல்லாம் தகவற்செறிவு ஒன்று கூடும். எல்லா நோய்களுக்கும் பொதுவான வேரின் நிகழ்தகவு 1. எனவே அதன் தகவற்செறிவு சுழியம்.

விளக்கத்திற்காகச் சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம். இவை உண்மைக் கணக்கல்ல. களஞ்சியத்தில் 1,024 நோய்கள் உள்ளன எனவும், அவற்றுள் 256 நோய்களில் கண் மாறுபாடும், 64இல் கண்வில்லை மாறுபாடும், 32இல் கண்புரையும், 8இல் கண்வில்லை இடம்பெயர்தலும் உள்ளன எனவும் கொள்வோம். கண் மாறுபாடு நான்கில் ஒரு பங்கு. எனவே தகவற்செறிவு 2. கண்வில்லை மாறுபாடு பதினாறில் ஒரு பங்கு, செறிவு 4. அவ்வாறே கண்புரைக்கு 5, கண்வில்லை இடம்பெயர்தலுக்கு 7. கண் மாறுபாட்டின் வேறொரு கிளையில் வரும் கிட்டப்பார்வை 64 நோய்களில் உண்டெனின் அதன் செறிவு 4.

ஈண்டு நிகழ்தகவு என்பது மக்கள்தொகையில் எத்தனை பேருக்கு அப்பண்பு உண்டு என்பதைக் குறிப்பதன்று. பதிவான நோய்களுள் எத்தனையில் அது காணப்படுகிறது என்பதையே பெரும்பாலும் குறிக்கும். இவ்வேறுபாட்டை மனத்திலிருத்தல் வேண்டும்.

இரண்டு பண்புகளை ஒப்பிடுதல்

ரெஸ்னிக்கின் அளவை பின்வருமாறு அமைகிறது. இரு கருத்துகளுக்கும் பொதுவான மூதாதைகள் பல இருக்கும். அவற்றுள் தகவற்செறிவு மிக்க மூதாதை எதுவோ, அதன் செறிவே அவ்விரு கருத்துகளின் ஒப்புமை. இரு உறவினர் எவ்வளவு நெருங்கியவர் என்பதை அவர்கள் எந்தத் தலைமுறையில் ஒன்றுகூடுகின்றனர் என்பதைக் கொண்டு கூறுவது போன்றதே இது.

நம் எடுத்துக்காட்டில், கண்வில்லை இடம்பெயர்தலும் கண்புரையும் 'கண்வில்லை மாறுபாடு' என்னுமிடத்தில் கூடுகின்றன, ஒப்புமை 4. கண்வில்லை இடம்பெயர்தலும் கிட்டப்பார்வையும் 'கண் மாறுபாடு' என்னும் பொதுவிடத்தில்தான் கூடுகின்றன, ஒப்புமை 2. கண்வில்லை இடம்பெயர்தலும் அறிவுத்திறன் குறைபாடும் வேரில் மட்டுமே கூடுகின்றன; ஒப்புமை சுழியம்.

இவ்வளவை பொதுமையை மட்டும் நோக்குகிறது. இரு கருத்துகளும் அப்பொதுவிடத்திலிருந்து எவ்வளவு விலகின என்பதை நோக்குவதில்லை. இக்குறையைக் களைய ஜியாங், கான்ராத் இருவரும் 1997இலும், டெகாங் லின் 1998இலும் வேறு அளவைகளை முன்வைத்தனர். லின் முறையில், பொது மூதாதையின் செறிவை இரட்டித்து, இரு கருத்துகளின் செறிவுகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இடம்பெயர்தலுக்கும் கண்புரைக்கும் 8ஐ 12ஆல் வகுக்க 0.67 கிடைக்கும், இடம்பெயர்தலுக்கும் கிட்டப்பார்வைக்கும் 4ஐ 11ஆல் வகுக்க 0.36 கிடைக்கும். மதிப்பு சுழியத்திற்கும் ஒன்றுக்கும் இடையே நிற்பது இம்முறையின் வசதியாகும்.

ரெஸ்னிக் தம் அளவையை 'வேர்ட்நெட்' என்னும் ஆங்கிலச் சொல்வலையில் சோதித்தார். பத்து இலட்சம் சொற்களைக் கொண்ட பிரௌன் தரவகத்திலிருந்து நிகழ்தகவுகளைப் பெற்றார். சொல்லிணைகளின் நெருக்கம் பற்றி மனிதர் தந்த மதிப்பீட்டோடு அவர் அளவை 0.79 என்னும் அளவிற்கு ஒத்துச் சென்றது; படிகளை எண்ணும் முறையோ 0.66 அளவிற்கே ஒத்தது. மனிதர் தமக்குள் ஒத்துச் செல்வதே ஏறத்தாழ 0.90 என்பதை நோக்க, இது பெரும் முன்னேற்றமாகும். 2003இல் ஃபிலிப் லார்டு குழுவினர் இம்முறையை மரபணுக்களின் செயல்களை வகைப்படுத்தும் களஞ்சியத்திற்குப் பயன்படுத்தினர். 2009இல் செபாஸ்டியன் கோலர், ராபின்சன் முதலியோர் பண்புக் களஞ்சியத்தின் வழி நோயறிதலுக்குக் கொணர்ந்தனர். இவ்வாறு சொல்லிலிருந்து மரபணுவுக்கும், மரபணுவிலிருந்து நோயாளிக்கும் ஓர் அளவுகோல் பயணம் செய்தது.

நோயாளியையும் நோயையும் ஒப்பிடுதல்

நோயாளி ஒற்றைப் பண்போடு வருவதில்லை. பண்புத் தொகுதியோடு வருகிறார். நோய்க்கும் ஒரு பண்புத் தொகுதி உண்டு. நோயாளியின் ஒவ்வொரு பண்புக்கும் நோயின் பண்புகளுள் மிக நெருங்கியதைக் கண்டு, அவ்வொப்புமைகளின் சராசரியைக் காண்பது வழக்கம்.

முன்னுரையிற் கண்ட சிறுவனுக்குத் திரும்புவோம். கண் மருத்துவர் கண்வில்லை இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டார் எனக் கொள்வோம் (செறிவு 7). சிலந்தி விரலின் செறிவு 6 எனவும், பல நோய்களில் காணப்படும் அறிவுத்திறன் குறைபாட்டின் செறிவு 2 எனவும் வைத்துக்கொள்வோம். இங்கு இரு நோய்கள் முன்னிற்கின்றன. ஒன்று மார்ஃபான் நோய்த்தொகுதி, மற்றொன்று ஹோமோசிஸ்டினூரியா. உயரமும் சிலந்தி விரலும் கண்வில்லை இடம்பெயர்தலும் இரண்டிலும் உண்டு. மார்ஃபானில் பெருந்தமனியின் அடிப்பகுதி விரியும். அறிவுத்திறன் பொதுவாகப் பாதிக்கப்படாது. ஹோமோசிஸ்டினூரியாவில் அறிவுத்திறன் குறையக்கூடும். குருதிக்குழாய்களில் உறைகட்டி தோன்றக்கூடும்.

மார்ஃபானோடு ஒப்பிடுகையில் 7, 6, 0 என மூன்று மதிப்புகள் கிடைக்கும், சராசரி 4.33. ஹோமோசிஸ்டினூரியாவோடு 7, 6, 2, சராசரி 5. இரண்டாவது முந்துகிறது. இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. ஹோமோசிஸ்டினூரியாவுக்குச் சிகிச்சை உண்டு. நோயாளருள் ஒரு பகுதியினர்க்கு வைட்டமின் பி6 பயன்தரும். ஏனையோர்க்கு மெத்தியோனைன் குறைந்த உணவும் பீட்டேன் என்னும் மருந்தும் துணைபுரியும். காலத்தே தொடங்கினால் அறிவுத்திறன் இழப்பையும் உறைகட்டியையும் பெருமளவு தவிர்க்கலாம். தாமதித்தால் இழந்தவற்றை மீட்பதரிது.

நடைமுறையில் மேலும் இரு திருத்தங்கள் தேவைப்படுகின்றன. முதலாவது, நோயாளியிலிருந்து நோயை நோக்குவதோடு நோயிலிருந்து நோயாளியையும் நோக்கி இரண்டின் சராசரியைக் காணலாம். இரண்டாவது, பண்புகள் மிகுதியாகப் பதிவான நோய் எந்த நோயாளியோடும் ஓரளவு ஒத்துவிடும். எனவே கோலர் குழுவினர், தற்போக்காகத் தேர்ந்த பண்புத் தொகுதிகள் அந்நோயோடு எவ்வளவு ஒத்துவரும் எனப் பலமுறை கணித்து, நோயாளி பெற்ற மதிப்பு தற்செயலாக வரக்கூடியதா என்பதையும் சோதித்தனர். இம்முறையில் அமைந்த மென்பொருளே 'ஃபீனோமைசர்'. அது நோயை முடிவு செய்வதில்லை. மருத்துவர் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தித் தருகிறது. முடிவைக் குருதிச் சோதனையும் மரபணுச் சோதனையுமே தரும்.

எண்ணிக்கை யாருடையது?

தகவற்செறிவு எண்ணிக்கையிலிருந்து பிறப்பது. எனவே எவருடைய தரவில் எண்ணப்பட்டது என்னும் வினா எழாமலிராது. பிரௌன் தரவகத்தைக் கொண்டு அளந்த ரெஸ்னிக், 1961இல் அமெரிக்காவில் அச்சான உரைநடையின் எண்ணிக்கையையே பெற்றார். 'வெண்டைக்காய்' அங்கு அருஞ்சொல்; பிரிக்பீல்ட்ஸ் சந்தையில் அருஞ்சொல் அன்று. அவ்வாறே பண்புக் களஞ்சியத்தின் எண்ணிக்கைகள் வெளியான மருத்துவ இலக்கியத்திலிருந்து திரட்டப்பட்டவை. எம்மக்களிடையே ஆய்வு மிகுதியாக நடந்ததோ அம்மக்களின் நோய்வடிவமே அதில் தெளிவாக இருக்கும்.

முகத்தோற்றம் பற்றிய பண்புகளில் இச்சிக்கல் வெளிப்படையாகத் தெரிகிறது. கண்களின் இடைவெளி, மூக்கின் பாலம், உதட்டின் பருமன் ஆகியவற்றில் இயல்பு எது, மாறுபாடு எது என்பது மக்களுக்கு மக்கள் வேறுபடும். இதனை உணர்ந்தே அமெரிக்கத் தேசிய மனித மரபணுத்தொகுதி ஆய்வுக்கழகம் 2016இல் பல்வேறு இனமக்களின் பிறவிக்குறைபாட்டுத் தோற்றங்களைக் காட்டும் படத்தொகுப்பைத் தொடங்கியது.

நம் சமூகத்திற்கு இதில் தனிப் பொருளுண்டு. ஹோமோசிஸ்டினூரியா தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தாலன்றித் தோன்றாத ஒடுங்குபண்பு நோய். தமிழரிடையே நெடுங்காலம் வழங்கிவரும் அத்தை, மாமன் மக்களை மணக்கும் வழக்கம் இத்தகைய நோய்கள் வெளிப்படும் வாய்ப்பைக் கூட்டும். எனவே பிறமக்கள் தரவில் அரிதாகத் தோன்றும் ஒன்று நம் குடும்பங்களில் அவ்வளவு அரிதாக இல்லாமற் போகலாம். நம்மை நாமே எண்ணியறிவதன் தேவை இதனால் புலனாகும்.

அத்தகைய எண்ணுதலுக்குச் செராஸிலேயே முன்மாதிரி உண்டு. முன்னர்க் கூறிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்கழகம் நடத்திய 'மலேசியன் கோஹோர்ட்' திட்டம், 2006 முதல் 2012 வரை 35 முதல் 70 வயதுக்குட்பட்ட 1,06,000க்கும் மேற்பட்ட மலேசியரைப் பதிவு செய்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவினத்தாரும் அதில் இடம்பெற்றனர். அத்திட்டம் பெரியவர்களின் நாட்பட்ட நோய்களுக்கானது. குழந்தைகளின் அரிய நோய்களுக்கானதன்று. ஆயினும் இந்நாட்டு மக்களை இந்நாட்டிலேயே எண்ணியறிய இயலும் என்பதை அது காட்டியது.

சொல்லில் தொடங்கும் பிழை

எண்ணிக்கை சரியாக இருப்பினும், கணினிக்குள் செல்லும் சொல் பிழைபட்டால் பயனில்லை. தாயின் தமிழ் கணினியின் பண்புப் பெயராக மாறும் இடத்தில் இருவகை இழப்புகள் நேர்கின்றன.

முதலாவது, பொதுமைப்படுதல். சிறுவனின் கண்வில்லை இடம்பெயர்ந்திருப்பது ஆராயப்படாமல், 'கண் சரியாகத் தெரியவில்லை' என்பது 'கண் மாறுபாடு' என்று மட்டும் பதிவாயிற்று எனக் கொள்வோம். செறிவு 7 உடைய பண்பிற்கு மாறாகச் செறிவு 2 உடையது உள்ளே சென்றது. இப்போது ஹோமோசிஸ்டினூரியாவோடு ஒப்புமை 2, 6, 2, சராசரி 3.33. கிட்டப்பார்வை, சிலந்தி விரல், அறிவுத்திறன் குறைபாடு மூன்றும் உடைய வேறொரு நோய் உண்டெனின் அதற்கும் 2, 6, 2, சராசரி 3.33. இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. துல்லியமாகப் பதிந்திருந்தால் முன்னதற்கு 5உம் பின்னதற்கு 3.33உம் கிடைத்திருக்கும். விவரிப்பின் துல்லியம் நோயறிதலுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை இவ்வெண்கள் அளந்து காட்டுகின்றன.

இரண்டாவது, இடம்மாறுதல். 'பிள்ளைக்கு இழுப்பு வந்தது' என்று ஒரு தாய் சொன்னால் அது வலிப்பையும் குறிக்கும், மூச்சிழுப்பையும் குறிக்கும். வலிப்பு நரம்பு மண்டலக் கிளையில் உள்ளது. மூச்சிழுப்பு மூச்சு மண்டலக் கிளையில் உள்ளது. இரண்டும் வேரில் மட்டுமே கூடுவதால் ஒப்புமை சுழியம். மலாயில் 'சவான்' என மொழிபெயர்த்தால் வலிப்பாகவே நிலைபெற்றுவிடும். 'மாந்தம்' என்னும் சொல்லோ வயிற்றுப் பொருமல், கழிச்சல், காய்ச்சல், சில வேளைகளில் வலிப்பு எனப் பலவற்றைத் தழுவி நிற்பது. அதற்கு நேரான ஒற்றைப் பண்பு களஞ்சியத்தில் தேடத்தக்கதன்று. 'இழுத்தபோது கை கால் வெட்டியதா, மூச்சு சீறியதா?' என்று தமிழில் கேட்கத் தெரிந்த ஒருவர் அருகிலிருப்பின் இவ்விழப்பு நேராது.

இச்சிக்கலை ஆங்கிலம் பேசுவோரும் எதிர்கொண்டனர். மருத்துவக் கலைச்சொற்களை நோயாளிகள் அறியாமையால், களஞ்சியத்தின் ஆயிரக்கணக்கான பண்புகளுக்கு மக்கள் வழக்குச் சொற்கள் இணைக்கப்பட்டு, அப்பணி 2018இல் வெளியிடப்பட்டது. பிற மொழிகள் பலவற்றிலும் மொழிபெயர்ப்புப் பணி நடைபெற்று வருகிறது.

முடிவுரை

பொருண்மை ஒப்புமையைத் தகவற்செறிவால் அளக்கும் முறை மூன்று தூண்களின்மேல் நிற்பதைக் கண்டோம்: ஒழுங்குபட்ட படிவரிசை, நம்பத்தக்க எண்ணிக்கை, துல்லியமான சொல். முதலாவதை உலக ஆய்வாளர் அமைத்துத் தந்துள்ளனர். இரண்டாவது மருத்துவ ஆய்வாளரின் கடன். மூன்றாவது தமிழாய்வாளரும் தமிழாசிரியரும் ஏற்கத்தக்கது. தோட்டப்புறத்திலும் கிள்ளான், செராஸ் போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளிலும் நம் மக்கள் உடற்குறைகளைக் குறிக்க வழங்கும் சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் எவ்வெப்பண்புகளைத் தழுவுகிறது எனப் பகுத்து, ஐயம் தீர்க்கும் வினாக்களோடு பதிவு செய்தால் அது வட்டாரவழக்காய்வாகவும் அமையும், மருத்துவர்க்கும் பயன்படும். பல்கலைக்கழக மாணவர் ஓரிருவரின் ஆய்வேட்டிற்கு ஏற்ற பொருளே இது. நிகண்டு செய்த மரபினர்க்கு இப்பணி அயலானதன்று. அச்சொற்பட்டியல் கைக்கெட்டும் தொலைவில் இருப்பின், மகனின் கையைப் பற்றிக்கொண்டு மருத்துவர்முன் அமர்ந்திருக்கும் தாயின் சொல், அவள் கருதிய பொருளிலேயே பதிவாகும்.